உழவர் கவிஞர் ரொபேர்ட் பேர்ன்ஸ்: வாழ்வும் கவிதையும்

ஸ்கொட்லாந்தின் தேசியக் கவிஞர் எனப் போற்றப்படுபவர் ரொபேர்ட் பேர்ன்ஸ் (1759 – 1796) ஆவார். ஷேக்ஸ்பியர், வேர்ட்ஸ்வேர்த் ஆகியோரின் பெயர்களைக் கேட்டுப் பழகிய அளவுக்கு இவரது பெயர் எமது மாணவர்களுக்குப் பழக்கமில்லை. ஆயினும் இவரது பாடலொன்றின் மெட்டை நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடும். சாரணர் பாசறை முடியும் வேளையிலும் ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவிலும் கைகோத்து நின்று பாடப்படும் ‘ஓல்ட் லாங் சைன்’ என்ற பாடலே அது.

பேர்ன்ஸைப் பற்றிக் குறிப்பெழுதச் சொன்னால் மாணவர்களிற் பலர், கல்வியறிவற்ற ஏழை உழவர், இயற்கையாகவே கவிதை பாடும் வரம் பெற்றவர் என்று தொடங்குவர். இது பாதி உண்மையே. ஏழை என்பதும் உழவர் என்பதும் சரி. கல்வியறிவற்றவர் என்பது பிழை. இப்பிழை எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொண்டால் அவரது கவிதைகளும் விளங்கும். ஆகவே இக்கட்டுரையை வாசிக்கும்போது இந்த ஒரு விடயத்தைப் பிடித்துக்கொண்டே வாருங்கள்.

பிறப்பும் இளமையும்

ஸ்கொட்லாந்தின் தென்மேற்கிலுள்ள அயர்ஷயர் பிரதேசத்தில், அலொவே என்னும் கிராமத்தில் 1759 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் திகதி பேர்ன்ஸ் பிறந்தார். தந்தையார் வில்லியம் தோட்ட வேலை செய்தவர். தம் கையாலேயே கட்டிய மண்சுவர் வீட்டில் குடியிருந்தார். குழந்தை பிறந்து சில நாட்களிலேயே புயற்காற்றில் அவ்வீட்டின் சுவரொன்று இடிந்து விழுந்தது. தாயையும் சேயையும் அயல்வீட்டுக்குக் கொண்டு சென்றனர். ஏழு பிள்ளைகளுள் ரொபேர்ட்டே மூத்தவர்.

வறுமையில் வாழ்ந்தாலும் தந்தையார் பிள்ளைகளின் கல்வியில் மிகுந்த அக்கறை கொண்டிருந்தார். 1765 இல் அயலவர்களோடு சேர்ந்து பணம் போட்டு ஜோன் மேர்டொக் என்ற இளம் ஆசிரியரை அமர்த்தினார். மேர்டொக் இலக்கணமும் வாசிப்பும் கற்பித்தார். செய்யுளை உரைநடையாக மாற்றி எழுதவும் பழக்கினார். இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் தந்தையாரே கணிதம் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் பேர்ன்ஸ் சிறிது பிரெஞ்சு மொழியும் கற்றார். ஷேக்ஸ்பியர், போப், அடிசன் முதலியோரின் நூல்களையும் தத்துவஞானி ஜோன் லொக்கின் நூலையும் வாசித்தார். பாடல் தொகுப்பொன்றை வண்டி ஓட்டும்போதும் வேலைக்கு நடந்து செல்லும்போதும் கையில் வைத்து, ஒவ்வொரு பாட்டாக, ஒவ்வொரு அடியாக ஆராய்ந்ததாக அவரே கடிதமொன்றில் எழுதியுள்ளார். இவை ஒரு பக்கம்.

மறு பக்கத்தில் வீட்டுக் கல்வி இருந்தது. தாயார் அக்னெஸ் பழைய நாட்டுப் பாடல்களைப் பாடுவார். வீட்டில் வந்து தங்கும் உறவினரான மூதாட்டி ஒருவர் பேய்க் கதைகளும் சூனியக்காரிகளின் கதைகளும் சொல்லுவார். புத்தகமும் பாட்டியின் கதையும் ஒரே மனத்தில் சேர்ந்தன. இவ்விரண்டில் ஒன்றை விட்டாலும் பேர்ன்ஸைப் பற்றிய விளக்கம் நிறைவு பெறாது.

1766 இல் தந்தையார் சுமார் 70 ஏக்கர் பரப்புள்ள மவுண்ட் ஒலிபன்ட் என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். நிலமோ வளமற்றது, குத்தகையோ அதிகம். 13 வயதில் ரொபேர்ட் கதிர் அடித்தார். 15 வயதில் பண்ணையின் முதன்மையான வேலையாள் அவரே என்று தம்பி கில்பேர்ட் குறிப்பிடுகின்றார். வளரும் வயதில் செய்த இந்தக் கடும் உழைப்பு அவரது இதயத்தைப் பாதித்தது எனப் பிற்கால மருத்துவர்கள் பலர் கருதுவர். அதே 15 ஆவது வயதில்தான், அறுவடைக் காலத்தில் தம்முடன் வேலை செய்த பெண்ணொருத்தியைப் பற்றி முதற் பாடலை இயற்றினார்.

அடுத்து எடுத்த லொக்லீ பண்ணையிலும் துன்பமே தொடர்ந்தது. நில உடைமையாளருடன் ஏற்பட்ட பிணக்கு எடின்பரோ உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1784 ஜனவரியில் தந்தையார் வழக்கில் வென்றார், ஆனால் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த மாதமே காலமானார். ரொபேர்ட்டும் கில்பேர்ட்டும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மொக்லின் ஊருக்கு அருகிலுள்ள மொஸ்கீல் பண்ணைக்குச் சென்றனர். அங்கும் முதலாம் ஆண்டு விதை கெட்டது, இரண்டாம் ஆண்டு அறுவடை பிந்தியது. விளைச்சலில் பாதி போயிற்று. விந்தை என்னவெனில், அவரது சிறந்த கவிதைகளிற் பல இந்த இரண்டு ஆண்டுகளிலேயே எழுதப்பட்டன.

அவர் எழுதிய மொழி

இங்கு ஒரு தெளிவு தேவை. பேர்ன்ஸ் கேலிக் மொழியில் எழுதினார் எனச் சிலர் எழுதுவதுண்டு. அது தவறாகும். கேலிக் என்பது ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் வழங்கும் மொழி. அயர்ஷயர் உள்ளிட்ட தாழ்நிலப் பகுதியில் பேர்ன்ஸின் காலத்தில் மக்கள் பேசியது ஸ்கொட்ஸ். ஸ்கொட்ஸும் இன்றைய ஆங்கிலமும் பழைய ஆங்கிலம் என்னும் ஒரே வேரிலிருந்து பிரிந்து வளர்ந்தவை. ஒரு காலத்தில் அரசவையிலும் நீதிமன்றத்திலும் ஸ்கொட்ஸ் வழங்கியது. 1603 இல் ஸ்கொட்லாந்து அரசர் இங்கிலாந்துக்கும் அரசராகி இலண்டன் சென்றார். 1707 இல் இரு நாடாளுமன்றங்களும் ஒன்றாயின. அதன்பின் எழுத்துக்கு ஆங்கிலம், வீட்டுக்கும் வயலுக்கும் ஸ்கொட்ஸ் என்ற நிலை உறுதியாயிற்று.

படித்தவர்கள் தம் பேச்சில் ஸ்கொட்ஸ் வாடை வீசுவதைக் குறைவாகக் கருதினர். உலகப் புகழ் பெற்ற தத்துவஞானி டேவிட் ஹியூம் கூட, எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்கொட்ஸ் வழக்குகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார் என்றால் நிலைமையை ஊகித்துக் கொள்ளலாம். இச்சூழலில்தான் பேர்ன்ஸ் ஸ்கொட்ஸைத் தெரிவு செய்தார். ‘தெரிவு செய்தார்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். அவரது கடிதங்கள் பெரும்பாலும் தூய ஆங்கிலத்திலேயே உள்ளன.

இத்தெரிவுக்குத் துணிவு தந்தவர் ரொபேர்ட் பேர்கசன் என்ற எடின்பரோக் கவிஞர். அவர் ஸ்கொட்ஸில் எழுதி, 1774 இல் 24 வயதிலேயே இறந்தவர். அவரது கவிதைகளைப் படித்த பின்னரே பேர்ன்ஸ் கவிதையில் மீண்டும் ஊக்கம் கொண்டார். புகழ் பெற்று எடின்பரோவுக்குச் சென்ற காலத்தில், அடையாளமின்றிக் கிடந்த பேர்கசனின் கல்லறைக்குத் தம் செலவில் நினைவுக்கல் வைக்க அனுமதி பெற்றார். குரு காணிக்கை என்றே இதனைக் கூறலாம்.

கில்மார்னொக் பதிப்பு, 1786

1786 ஆம் ஆண்டு பேர்ன்ஸின் வாழ்க்கையில் திருப்புமுனையாகும். பண்ணை நட்டத்தில் ஓடியது. ஜீன் ஆர்மர் என்ற பெண்ணை அவர் மணக்க விரும்பினார். அவள் கருவுற்றிருந்தும் அவளது தந்தை மறுத்துவிட்டார். திருச்சபை சபையோர் முன்னிலையில் இருவரையும் கண்டித்தது. எல்லாவற்றையும் விட்டு ஜமெய்க்காத் தீவுக்குப் போக அவர் முடிவு செய்தார். அங்கு அவருக்குப் பேசப்பட்டிருந்த தொழில் கரும்புத் தோட்டமொன்றில் கணக்கெழுதுவது. அத்தோட்டங்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் நடந்தவை என்பது உங்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் தெரிந்ததே. மனிதர் யாவரும் சமம் எனப் பின்னர் பாடிய கவிஞர் அத்தொழிலை ஏற்க முன்வந்தார் என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. வறுமையும் மனமுறிவும் காரணங்களாகலாம், அவை நியாயமாகிவிடா.

பயணச் செலவுக்குப் பணம் தேடும் நோக்கமும் சேர்ந்தே நூல் வெளிவந்தது. கில்மார்னொக் நகரில் ஜோன் வில்சன் என்பவரின் அச்சகத்தில், 1786 ஜூலை 31 அன்று, ‘பெரும்பாலும் ஸ்கொட்டிய வழக்கிலமைந்த கவிதைகள்’ என்னும் பொருள்படும் தலைப்புடன் அது அச்சாயிற்று. 612 பிரதிகள், விலை மூன்று சிலிங். சில வாரங்களில் ஏறத்தாழ அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. பெட்டியைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்ட நிலையில், எடின்பரோவிலிருந்த தொமஸ் பிளக்லொக் என்ற பார்வையற்ற கவிஞரின் பாராட்டுக் கடிதம் பற்றிய செய்தி கிடைத்தது. பேர்ன்ஸ் கப்பல் ஏறவில்லை. எடின்பரோவுக்குக் குதிரை ஏறினார்.

அங்கே 1786 டிசம்பரில் ஹென்றி மெக்கென்சி என்னும் எழுத்தாளர் ஒரு சஞ்சிகையில் அந்நூலைப் பாராட்டி எழுதினார். வானுலகமே கற்பித்த உழவர் என்ற கருத்தில் அவர் சூட்டிய பட்டம் நாடெங்கும் பரவியது. நாம் தொடக்கத்தில் பார்த்த பிழை இங்கிருந்துதான் வந்தது. இதிலொரு வேடிக்கை உண்டு. மெக்கென்சி எழுதிய நாவலொன்று பேர்ன்ஸுக்கு விவிலியத்துக்கு அடுத்தபடியாகப் பிடித்த நூல். தம் நூலையே விரும்பிப் படித்த ஒருவரைத்தான் அவர் யாரும் கற்பிக்காதவர் எனப் புகழ்ந்தார்!

ஆயினும் பழியை மெக்கென்சி மீது மட்டும் போடலாகாது. கில்மார்னொக் நூலின் முன்னுரையில் பேர்ன்ஸே தம்மை ஒரு எளிய நாட்டுப்புறத்தவராக, கவிதை விதிகளை முறையாகக் கற்காதவராகக் காட்டிக்கொண்டார். அப்படிச் சொன்னால் நூல் விலைபோகும் என அவருக்குத் தெரிந்திருந்தது. எடின்பரோவின் பெரிய வீடுகளில் அவரை விருந்துக்கு அழைத்தார்கள், வியந்து பார்த்தார்கள். அப்போது பதினைந்து வயதளவில் இருந்த வோல்டர் ஸ்கொட், பிற்காலத்தில் பெரும் நாவலாசிரியரானவர், ஒரு விருந்தில் பேர்ன்ஸைக் கண்டதையும் அவரது கண்களின் ஒளியையும் இறுதிவரை மறக்கவில்லை. 1787 இல் எடின்பரோப் பதிப்பு வெளிவந்தது. அதன் உரிமையை 100 கினிகளுக்கு விற்றார். ஸ்கொட்ஸைக் குறைத்து ஆங்கிலத்தில் எழுதுமாறு வைத்தியரும் நாவலாசிரியருமான ஜோன் மூர் போன்றோர் அறிவுரை கூறினர். நல்ல வேளையாக அவர் அதனை முழுமையாகப் பின்பற்றவில்லை.

‘சுண்டெலிக்கு’: ஒரு கவிதையை நோக்குவோம்

1785 நவம்பரில், மொஸ்கீல் வயலில் உழுதுகொண்டிருந்தபோது கலப்பை ஒரு சுண்டெலியின் கூட்டைக் கிழித்துவிட்டது. எலி பதறி ஓடியது. கவிஞர் அதனை நிறுத்திப் பேசுவதாகக் கவிதை அமைகின்றது. மனிதன் இயற்கையின் நட்புறவை முறித்துவிட்டான், நீ என்னைக் கண்டு அஞ்சுவது நியாயமே என்கிறார். நீ எடுப்பதோ எப்போதாவது ஒரு கதிர், அதனால் எனக்கு என்ன குறை என்கிறார். மாரி வருமுன் சிறுகச் சிறுகச் சேர்த்த வீடு ஒரு நொடியில் போயிற்றே என இரங்குகிறார். திட்டமிட்டவை தவறிப்போவது எலிக்கும் மனிதனுக்கும் பொது என்ற இடத்திலிருந்தே அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் 1937 இல் வெளியிட்ட தம் நாவலுக்குத் தலைப்பு எடுத்தார்.

கடைசிப் பகுதியே மிக முக்கியமானது. எலிக்கு நிகழ்காலத் துன்பம் மட்டுமே உண்டு. தமக்கோ பின்னே பார்த்தால் துயரம், முன்னே பார்த்தால் அச்சம் என்று கவிஞர் முடிக்கின்றார். பண்ணை பண்ணையாக இடம்பெயர்ந்து, வழக்காடித் தந்தையை இழந்து, அடுத்த விளைச்சலும் என்னவாகுமோ என அஞ்சிய குடும்பத்தின் மூத்த மகன் எழுதிய வரிகள் இவை. எலியின் கூட்டில் அவர் கண்டது தம் வீட்டையே என விடையில் எழுதலாம், அது மிகையாகாது.

மொழியையும் பாருங்கள். முதற் பகுதி அடர்த்தியான ஸ்கொட்ஸில் தொடங்குகிறது, வயலில் நின்று எலியை அழைக்கும் பேச்சு அது. இரண்டாம் பகுதியில் மனிதனின் ஆதிக்கம் பற்றிச் சிந்திக்கும்போது திடீரென நூல்களில் காணும் ஆங்கிலம் வருகிறது. பின்பு மீண்டும் ஸ்கொட்ஸ். கல்வியறிவற்ற ஒருவரால் இவ்வாறு மொழியை மாற்றி மாற்றிக் கையாள முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

யாப்பைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஒவ்வொரு பகுதியிலும் ஆறு அடிகள். 1, 2, 3, 5 ஆம் அடிகள் நீளமானவை, ஒரே இயைபு கொண்டவை. 4, 6 ஆம் அடிகள் குறுகியவை, அவற்றுக்கு வேறு இயைபு. இவ்வடிவம் பேர்ன்ஸுக்கு முன்பே ஸ்கொட்லாந்தில் இருந்தது. ஆனால் அவர் அதிகம் கையாண்டதால் இன்று ‘பேர்ன்ஸ் யாப்பு’ என்றே வழங்குகின்றது. குறுகிய அடிகளில் கவிஞர் சட்டென்று ஒரு குத்தலோ ஒரு பெருமூச்சோ வைப்பார். ‘பேனுக்கு’ என்ற கவிதையும் இதே யாப்பே. தேவாலயத்தில் ஆடம்பரத் தொப்பியுடன் அமர்ந்திருக்கும் பெண்ணின் மேல் பேன் ஊர்வதைப் பின்னாலிருந்து பார்த்து எழுதியது. பிறர் எம்மைக் காண்பதுபோல் நாமே எம்மைக் கண்டால் எப்படியிருக்கும் என அது கேட்கிறது.

பிற்கால வாழ்வும் பாடல்களும்

1788 இல் ஜீன் ஆர்மரையே மணந்தார். டம்ஃபிரீஸ் நகருக்கு அருகில் எலிஸ்லண்ட் பண்ணையை எடுத்தார், அதுவும் கைகொடுக்கவில்லை. 1789 இல் ஆண்டுக்கு 50 பவுண் சம்பளத்தில் உள்நாட்டுத் தீர்வை அறவிடும் உத்தியோகத்தரானார். 1791 இல் பண்ணையை விட்டு டம்ஃபிரீஸில் குடியேறினார்.

எலிஸ்லண்டில் இருந்தபோது, 1790 இல், ‘டாம் ஓ ஷான்டர்’ என்ற கதைப்பாடலை எழுதினார். சந்தை நாளில் மூக்குமுட்டக் குடித்த டாம், புயலில் குதிரையேறி வீடு திரும்புகிறான். இடிந்த அலொவே தேவாலயத்தில் சூனியக்காரிகள் ஆடுவதைக் காண்கிறான். வாயை மூடிக்கொண்டு போகாமல் உரக்கக் கத்திவிடுகிறான். அவர்கள் துரத்துகின்றனர். ஓடும் நீரைச் சூனியக்காரிகள் கடக்க முடியாது என்பது நம்பிக்கை. பாலத்தின் நடுவை எட்டும் தறுவாயில் ஒருத்தி குதிரையின் வாலைப் பிடித்துக்கொள்ள, டாம் தப்பினான், வால் தப்பவில்லை! அந்த மூதாட்டி சொன்ன கதைகள் இங்கே பயன்பட்டன. இன்பத்தின் நிலையாமையைக் கூறும் இடத்தில் மட்டும் கவிதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாறுவதையும் அவதானிக்க.

இக்காலத்தில் அவர் பெரும்பாலும் பாடல்களிலேயே ஈடுபட்டார். ஜேம்ஸ் ஜோன்சன் என்ற அச்சுச் செதுக்குநர் ஸ்கொட்டிய நாட்டுப் பாடல்களைத் தொகுத்தபோது, ஏறத்தாழ 600 பாடல்கள் கொண்ட அத்தொகுதிக்குச் சுமார் 200 பாடல்களைத் திரட்டியும் திருத்தியும் இயற்றியும் கொடுத்தார். மெட்டை மனத்தில் ஏற்றிய பின்னரே சொற்களைத் தேடுவது அவரது வழக்கம். ‘ஓல்ட் லாங் சைன்’ பாடலை முதியவர் ஒருவர் பாடக் கேட்டு எழுதியதாகவே அனுப்பினார். அது 1796 இல் அச்சானது. இன்று பாடப்படும் மெட்டு 1799 இல் ஜோர்ஜ் தொம்சனின் தொகுதியில் சேர்க்கப்பட்டது. அம்மெட்டைத் தழுவி இரவீந்திரநாத் தாகூர் வங்காள மொழியில் ஒரு பாடல் இயற்றியுள்ளார்.

பாடல்களுக்கு அவர் பணம் வாங்க மறுத்தார். 1793 இல் தொம்சன் ஐந்து பவுண் அனுப்பியபோது, இனி இவ்வாறு செய்ய வேண்டாம் எனக் கடிந்து எழுதினார். 1796 ஜூலையில், நோய் முற்றிக் கிடந்த நிலையில், துணிக்கடைக் கடனுக்காகச் சிறை செல்ல நேருமோ என அஞ்சி அதே தொம்சனிடம் ஐந்து பவுண் கேட்டு எழுத நேர்ந்தது. தொம்சன் அனுப்பினார். ஜூலை 21 அன்று, 37 ஆவது வயதில், பேர்ன்ஸ் காலமானார். 25 ஆம் திகதி அவரை அடக்கம் செய்த நாளிலேயே ஜீன் இன்னொரு மகனைப் பெற்றெடுத்தார்.

குடியால் அழிந்தார் என்ற கதை, 1800 இல் ஜேம்ஸ் கறி எழுதிய வாழ்க்கை வரலாற்றால் பரவியது. இதய நோயே காரணமாயிருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே அக்கதையை உறுதியான செய்தியாக எழுத வேண்டாம்.

அரச ஊழியராக இருந்தும் பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துகளில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. 1792 இறுதியில் அவரது அரச விசுவாசம் பற்றி விசாரணையும் நடந்தது. மனிதனின் மதிப்பு பட்டத்திலோ பட்டாடையிலோ இல்லை என்னும் பாடலை 1795 இல் எழுதினார், அது அவரது பெயரில்லாமலே வெளிவந்தது. 1999 ஜூலை 1 அன்று, ஏறத்தாழ 300 ஆண்டுகளின் பின் ஸ்கொட்லாந்துக்கு மீண்டும் ஒரு நாடாளுமன்றம் திறக்கப்பட்டபோது, அரசியார் முன்னிலையில் ஷீனா வெலிங்டன் என்ற பாடகி பாடியது இப்பாடலையே. ஒரு காலத்தில் படித்தவர்கள் வெட்கப்பட்ட மொழி அன்று அவையில் ஒலித்தது.

பயிற்சி வினாக்கள்

1. ‘சுண்டெலிக்கு’ என்ற கவிதையில் கவிஞரின் சொந்த வாழ்க்கை எவ்வாறு வெளிப்படுகின்றது என விளக்குக.

2. பேர்ன்ஸைக் கல்வியறிவற்ற உழவர் எனக் கூறுவது பொருந்துமா? காரணங்கள் தந்து ஆராய்க.

இரண்டாம் வினாவுக்கு விடை எழுதுவோர் மேர்டொக்கிடம் கற்றதையும் மெக்கென்சியின் பட்டத்தையும் எழுதுவதோடு நின்றுவிடாது, கில்மார்னொக் நூலின் முன்னுரையில் கவிஞர் தம்மைப் பற்றித் தாமே கூறியதையும் சேர்த்து எழுதுக.